பழைய 3பி ஜீப்: கியர் நாப் கழல மாட்டேன் என்கிறது, உடைக்காமல் எடுப்பது எப்படி?

கம்பம்மெட்டு3பி

எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஓட்டிய மஹிந்திரா சிஜே 3பி ஜீப்பைக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்திருக்கிறேன். உயர்ந்த பானெட், பெட்ரோல் எஞ்சின், மூன்று கியர், தரையில் மூன்று ராடு. கம்பத்திலிருந்து மெட்டு மலைப்பாதை ஏறி நெடுங்கண்டம், வண்டன்மேடு பக்கம் ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போன வண்டி. எஞ்சின் ஓடுகிறது, பிரேக் வேலை முடிந்துவிட்டது.

இப்போது சிக்கியிருப்பது ஒரு சின்ன விஷயம். கியர் ராடின் அடியில் இருக்கும் ரப்பர் பூட், அதாவது ரப்பர் உறை, தூள் தூளாகிவிட்டது. புதியது வாங்கி வைத்திருக்கிறேன். அதை மேலிருந்து நுழைக்க வேண்டுமானால் ராடின் உச்சியில் இருக்கும் கைப்பிடிக் குமிழை, அதாவது நாப்பைக் கழற்ற வேண்டும். கறுப்பு உருண்டை, அடியில் ஒல்லியான ஒரு நட்டு. இரண்டும் துருவில் ஒட்டிக் கிடக்கின்றன. கையால் திருகினால் ராடே சேர்ந்து ஆடுகிறது. நட்டில் ஸ்பேனர் போட்டு இடப்பக்கம் திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை.

கடையில் புது நாப் கிடைக்கும் என்று யாரும் சொல்ல வேண்டாம். எனக்கு இதே நாப்தான் வேண்டும்.

பெட்ரோல் பைத்தியம்

ப்ளோ டார்ச் எடுத்து அரை நிமிடம் காட்டுங்கள், பைப் ரிஞ்சு போட்டு ஒரே திருகு. கையோடு வந்துவிடும்.

செங்கோட்டை சிவப்பு ஜீப்

தம்பி, 3பி-யில் பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது தெரியுமா? ஓட்டுநர் சீட்டுக்கு அடியில். கியர் ராடுக்கும் அதற்கும் ஒரு முழ தூரம்கூட இல்லை. பழைய டேங்க், பழைய மூடி, பழைய வாஷர். அங்கே போய் டார்ச் கொளுத்தச் சொல்கிறீர்களே! நெருப்பு வேலை எதுவானாலும் ராடைக் கழற்றி வெளியே கொண்டுபோய்த்தான்.

பைப் ரிஞ்சு விஷயம் இன்னொன்று. அந்தக் கறுப்பு உருண்டை பேக்கலைட்டாக (அந்தக் காலத்துக் கெட்டி பிளாஸ்டிக்) இருந்தால் ரிஞ்சின் பல் பட்ட இடத்தில் சில்லுப் பெயர்ந்து வரும். ரப்பர் மாதிரி அமுங்கிக் கொடுக்காது, நேரே விரிசல்தான்.

வண்டன்மேடு ஏலம்

தேங்காய் எண்ணெய் விட்டுப் பாருங்கள், எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் அதுதான்.

போடி லேத்

தேங்காய் எண்ணெயைத் தலைக்கு வையுங்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துபோகும். மெட்டில் மார்கழிக் குளிரில் மரைக்குள்ளே வெண்ணெயாக நிற்கும், நாளாவட்டத்தில் பிசினாகும். துருவுக்குள் இறங்க மெல்லிய எண்ணெய் வேண்டும்.

தம்பி கம்பம்மெட்டு, முதலில் ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் நட்டை இடப்பக்கம் திருப்பினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அது லாக் நட்டு. நாப்புக்குக் கீழே இருந்துகொண்டு மேல்நோக்கி அதை அழுத்திப் பிடித்திருக்கிறது. மேலிருந்து பார்க்கும்போது இடப்பக்கம் திருப்பினால் நட்டு மேலே ஏறும், அதாவது நாப்பை இன்னும் இறுக்கும். நட்டை வலப்பக்கம் திருப்புங்கள். ராடில் கீழே இறங்கும், நாப்பை விட்டு விலகும். அது விலகிய பிறகு நாப்பை இடப்பக்கம் திருப்ப வேண்டும். நட்டு வலம், நாப் இடம்.

கம்பம்மெட்டு3பி

அண்ணே, இதை யாரும் இதுவரை சொல்லவில்லை. நாளைக்கே பார்க்கிறேன்.

குமுளி ஒர்க்‌ஷாப்

போடி அண்ணன் சொல்வது சரிதான், ஆனால் மறுபக்கமும் ஒன்று உண்டு. எங்கள் ஆசான் கட்டப்பனைக்காரர், பழைய வில்லிஸ் ஜீப்புகளில் கை வைத்தே வயதானவர். நட்டு கீழே இறங்க மறுத்தால் அதையே இடப்பக்கம் திருப்பி நாப்பையும் சேர்த்து வெளியே எடுத்துவிடுவார். நாப்பைப் பிடிக்கப் பிடிமானம் இல்லை, நட்டில் ஸ்பேனர் நன்றாக உட்காரும். நட்டு நாப்பைத் தள்ளிக்கொண்டே சுற்றும், இரண்டும் ஒன்றாகக் கழன்று வரும்.

போடி லேத்

ஆசான் செய்வார், தப்பில்லை. நாப்புக்குள்ளே இருக்கும் பித்தளைக் குழல், அதாவது மரை வெட்டிய இன்சர்ட், அடியில் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மட்டும் அது நடக்கும். அப்போது நட்டு பித்தளையில் முட்டும், உலோகம் உலோகத்தைத் தள்ளும். இன்சர்ட் உள்ளே பதுங்கியிருந்தால் நட்டு நேராக பேக்கலைட்டை முட்டும், அடிப்பக்கம் வட்டமாகப் பிளந்துபோகும். ஒரு டார்ச் லைட்டும் சின்னக் கண்ணாடியும் வைத்துக் கீழிருந்து பாருங்கள். மஞ்சள் விளிம்பு தெரிந்தால் ஆசான் வழி. தெரியாவிட்டால் வேண்டவே வேண்டாம்.

குமுளி ஒர்க்‌ஷாப்

ஒத்துக்கொள்கிறேன். ஆசானும் முதலில் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். எதற்கென்று இப்போதுதான் புரிகிறது.

கொழிஞ்சாம்பாறை அம்பாசடர்

என்னிடம் இருப்பது பழைய அம்பாசடர், கியர் ஸ்டியரிங் பக்கத்தில். அதன் குமிழ் சின்னது, ராடு படுத்த மாதிரி நிற்கிறது, எண்ணெய் விட்டால் மரைக்குள் தானாகப் போய்ச் சேரும். ஜீப் ராடு நிமிர்ந்து நிற்கிறது, நாப் அதன் உச்சியில் இருக்கிறது. கீழிருந்து எண்ணெய் விட்டால் மேலே எப்படி ஏறும்? வழிந்து பூட்டுக்குத்தானே போகும்?

செங்கோட்டை சிவப்பு ஜீப்

நல்ல கேள்வி அக்கா. இந்த வேலையில் எண்ணெய் பலிக்காததற்குப் பாதிக் காரணம் அதுதான். இடுக்கு ரொம்பச் சின்னதாக இருந்தால் எண்ணெய் கொஞ்சம் மேலேயும் ஊறும், ஆனால் நட்டோடு நின்றுவிடும். ராடைத் தலைகீழாக வைத்தால்தான் காரியம் நடக்கும்.

அதற்கு ராடை வண்டியிலிருந்து எடுக்க வேண்டும். முதலில் கியரை நியூட்ரலில் வையுங்கள், பிறகு கியர்பாக்ஸ் மேல்மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினால் ராடு மூடியோடு சேர்ந்து வரும். நியூட்ரலில் வைக்காமல் எடுத்துவிட்டால் திரும்ப மாட்டும்போது உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க்கும் கியரும் நேர்ப்படாது, அரை நாள் போய்விடும். எடுத்ததும் திறந்த கியர்பாக்ஸை சுத்தமான துணியால் மூடுங்கள். ஒரு வாஷர் உள்ளே விழுந்தால் அப்புறம் நாப் ஒரு பிரச்சினையாகவே தோன்றாது.

ராடைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுங்கள். நாப் அடியில் வரும். நட்டுக்கும் ராடுக்கும் நடுவே சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு இரவு முழுக்க விடுங்கள்.

பெட்ரோல் பைத்தியம்

என்ன எண்ணெய்? நான் பார்த்த வீடியோவில் அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலும் சரிபாதி கலந்து விட்டார்கள்.

செங்கோட்டை சிவப்பு ஜீப்

நன்றாகவே இறங்கும். ஆனால் எரியும், ஆவி பறக்கும், பெயின்ட்டைத் தின்னும். முக்கியமாக நாப் எதனால் ஆனது என்று தெரியாமல் அதைத் தொடாதீர்கள். பேக்கலைட் தாங்கிவிடும். பிற்காலத்தில் வந்த அக்ரிலிக், செல்லுலோஸ் வகை நாப்பாக இருந்தால் அசிட்டோன் பட்ட இடம் கொழகொழவென்று ஆகிவிடும். கடையில் கிடைக்கும் துரு இளக்கும் ஸ்ப்ரே போதும். டீசலும் மண்ணெண்ணெயும் மெதுவாக வேலை செய்யும், அவசரம் இல்லாதவர்களுக்கு அதுவும் சரி.

கம்பம்மெட்டு3பி

பேக்கலைட்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கொழிஞ்சாம்பாறை அம்பாசடர்

கட்டை விரலால் சூடு ஏறும்வரை அழுத்தித் தேய்த்துவிட்டு உடனே மோந்து பாருங்கள். பழைய ஆஸ்பத்திரி பினாயில் மாதிரி ஒரு வாடை வந்தால் பேக்கலைட். எங்கள் வீட்டுப் பழைய சுவிட்சுகளை எல்லாம் இப்படித்தான் பிரித்தேன்.

போடி லேத்

அக்கா சொன்ன சோதனை நல்லது, பொருளுக்குச் சேதம் இல்லை. சிலர் ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்துவார்கள். மற்ற பிளாஸ்டிக்கில் ஊசி இறங்கும், பேக்கலைட்டில் இறங்காது. ஏனென்றால் பேக்கலைட் ஒரு முறை அச்சில் வெந்து இறுகிவிட்டால் மறுபடி உருகாது. 1907-ல் லியோ பேக்லேண்ட் கண்டுபிடித்ததன் பெருமையே அதுதான். சுவிட்ச், பிளக், குக்கர் பிடி, கார் நாப் எல்லாவற்றுக்கும் ஒரு காலத்தில் அதைப் போட்டதும் அதனால்தான்.

உருகாது என்பதால் எவ்வளவு சூடும் காட்டலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நெருப்பில் கருகும், கொப்புளம் விடும், பளபளப்பு போய்விடும், அப்புறம் தொட்டால் பொடியும்.

பெட்ரோல் பைத்தியம்

சரி அண்ணே, டார்ச் வேண்டாம். அப்படியானால் சூடே வேண்டாமா?

போடி லேத்

வேண்டும், அளவோடு. கொதிக்கும் தண்ணீர் போதும். நாப்பைச் சுற்றித் துணி சுற்றி அதன்மேல் ஊற்றிக்கொண்டே இருங்கள். பித்தளை இரும்பைவிட அதிகமாக விரியும். ஒரு மீட்டர் பித்தளைக் கம்பி 100 டிகிரி சூடேறினால் 1.9 மில்லிமீட்டர் அளவுக்கு நீளும், அதே நீள இரும்பு 1.2 மில்லிமீட்டர்தான். நம் நாப்பின் துளை ஒரு சென்டிமீட்டர் அளவுகூட இருக்காது. அங்கே கிடைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைவிடக் குறைவு. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மரைக்குள் கெட்டித்த துருவின் பிடிப்பை உடைக்க அது போதும், ஆறும்போது அந்த விரிசல் எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே சூடாக்கு, எண்ணெய் விடு, ஆறவிடு, மறுபடி சூடாக்கு. திருகும் வேலை கடைசியில்.

ராடை மட்டும் தனியாகச் சூடு பண்ணினால் முதலில் இரும்பு விரியும், பித்தளையை இறுக்கும். அப்படிச் செய்தால் முழுக்க ஆறிய பிறகு திருகுங்கள், சூட்டோடு திருகாதீர்கள்.

வண்டன்மேடு ஏலம்

நாப்பைக் கழற்றாமலேயே பூட் மாட்டலாமே? ராடுதான் வெளியே வந்துவிடுகிறதே. அடிப்பக்கமிருந்து நுழைத்தால்?

குமுளி ஒர்க்‌ஷாப்

மாட்டலாம். ராடின் கீழே இருக்கும் உருண்டைப் பகுதி நாப்பளவுக்கு இல்லாவிட்டால் ரப்பர் இழுத்துக் கொடுக்கும். உள்ளே சோப்புத் தண்ணீர் தடவிக்கொள்ளுங்கள், கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊறிப்போகும். எங்கள் பட்டறையில் அவசர வேலைக்கு இதுதான். அவருக்கு ராடுக்குப் பெயின்ட்டும் அடிக்க வேண்டும் போல, அதனால் கழற்றத்தான் பார்ப்பார்.

கம்பம்மெட்டு3பி

ஆமாம், ராடு முழுக்கத் துரு. கழற்றியே ஆக வேண்டும்.

நிலவரம் சொல்கிறேன். நட்டை வலப்பக்கம் திருப்பினேன். கிறீச் என்று ஒரு சத்தம், அரைச் சுற்றுக் கீழே இறங்கிவிட்டது! போடி அண்ணனுக்குக் கோடி நன்றி. ராடையும் மேல்மூடியோடு எடுத்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு எண்ணெய் விட்டாயிற்று. விரல் தேய்த்து மோந்ததில் பினாயில் வாடை வந்தது, பேக்கலைட்தான்.

வெந்நீரும் ஊற்றினேன். சைக்கிள் ட்யூபைச் சுற்றி, ஆயில் ஃபில்டர் கழற்றும் பெல்ட் ஸ்பேனரால் திருப்பினேன். நாப் இப்போது சுற்றுகிறது. ஆனால் மேலே வரவில்லை. எத்தனை சுற்று சுற்றினாலும் அதே இடத்தில் நிற்கிறது.

பெட்ரோல் பைத்தியம்

மரை போச்சு.

போடி லேத்

மரை போகவில்லை. சுற்றுவதை உடனே நிறுத்துங்கள். பித்தளை இன்சர்ட் ராடோடு இறுகியே இருக்கிறது, பேக்கலைட் மட்டும் இன்சர்ட்டை விட்டுவிட்டு அதன் மேலே சுற்றுகிறது. அச்சில் வார்க்கும்போது இன்சர்ட்டின் வெளிப்பக்கம் சொரசொரப்பாகக் கீறிவிட்டிருப்பார்கள், பேக்கலைட் பிடித்துக்கொள்ள. நீங்கள் சுற்றச் சுற்ற அந்தச் சொரசொரப்பு உள்ளே அரைந்துகொண்டே போகும்.

அடியில் இன்சர்ட் விளிம்பு வெளியே நீட்டியிருக்கிறதா?

கம்பம்மெட்டு3பி

கொஞ்சம் இருக்கிறது அண்ணே. ஒரு நாணயத் தடிமன் இருக்கும்.

போடி லேத்

அப்படியானால் யோகம்தான். நட்டை இன்னும் கீழே இறக்கி இடம் பண்ணிக்கொள்ளுங்கள். கூர்மூக்குக் குறடு போதாது, நழுவும். விளிம்பில் எதிரெதிராக இரண்டு பக்கமும் மெல்லிய அரம் வைத்துத் தட்டையாக்குங்கள், ஒல்லி ஸ்பேனர் உட்காரும் அளவுக்கு. சைக்கிள் கடையில் கோன் ஸ்பேனர் என்று கேளுங்கள், தகடு மாதிரி மெல்லிசாக இருக்கும். அதை விளிம்பில் மாட்டி இடப்பக்கம் திருப்புங்கள். பேக்கலைட்டைத் தொடவே வேண்டாம், அது தானாகக் கூடவே வரும்.

செங்கோட்டை சிவப்பு ஜீப்

திருப்பும்போது ராடையும் பிடிக்க வேண்டும். மேல்மூடியை வைஸில் கடித்துவிட்டு மேலே திருப்பினால் விசை எல்லாம் ராடின் அடியில் இருக்கும் பின்னுக்குப் போகும். அது சின்னது. நாப்புக்கு ஒரு சாண் கீழே ராடையே வைஸில் பிடியுங்கள், இரண்டு பக்கமும் மரக்கட்டையோ செப்புத் தகடோ வைத்து.

விளிம்பு நீட்டாத நாப் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வழி சொல்லிவிடுகிறேன். நாப்பின் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஊசித்துளை ஒன்று இன்சர்ட் தட்டும்வரை போட்டு, அதற்குள் எபாக்ஸி பசையை ஊசியால் ஏற்றி நன்றாக இறுகவிட்டால் பேக்கலைட்டும் இன்சர்ட்டும் மறுபடி ஒன்றாகிவிடும். அதற்கு முன் எண்ணெயைத் துடைத்து எடுக்க வேண்டும், எண்ணெய்ப் பிசுக்கில் எபாக்ஸி ஒட்டாது. பசை மரைக்குள் போய்விடவும் கூடாது.

பெட்ரோல் பைத்தியம்

எதுவுமே பலிக்காவிட்டால்? அறுக்கத்தானே வேண்டும்?

குமுளி ஒர்க்‌ஷாப்

அறுக்கலாம், கடைசியாக. எதிரெதிராக இரண்டு பக்கமும் ஹேக்ஸா பிளேடால் பித்தளை தெரியும்வரை மட்டும் கோடு போட்டு, அந்தக் கோட்டில் உளி வைத்து மெதுவாகத் தட்டினால் இரண்டு பாதியாகப் பிரியும். கிரைண்டர் வேண்டாம். பழைய பேக்கலைட் கலவைகளில் பெரும்பாலும் மரத்தூள்தான், ஆனால் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸும் சேர்த்திருக்கிறார்கள். தண்ணீர் தெளித்து ஈரமாக அறுங்கள், மூக்குக்கு மாஸ்க் போடுங்கள், தூளைத் துடைப்பத்தால் கூட்டாமல் ஈரத்துணியால் எடுங்கள்.

கொழிஞ்சாம்பாறை அம்பாசடர்

நடுவே ஒரு கேள்வி. வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யப் போகிறேன். நாப் மாதிரி சாமான் மாற்றினால் தள்ளுபடி செய்வார்களா?

செங்கோட்டை சிவப்பு ஜீப்

மாட்டார்கள் அக்கா. 2021-ல் வந்த மத்திய விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. நாப், பூட், சீட் துணி எல்லாம் அந்தக் கணக்கில் வராது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், எண்ணில் விஏ என்ற எழுத்துகள் வரும். ஆனால் அப்படிப் பதிவு செய்துவிட்டால் அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் எடுக்க முடியாது. கண்காட்சி, பேரணி, பழுது பார்ப்பு, எரிபொருள் போடுவது, அவ்வளவுதான். தினமும் சந்தைக்கு ஓட்டுகிறவர் என்றால் யோசித்துச் செய்யுங்கள். எனக்கு அந்தக் கட்டுப்பாடு பிடிக்கவில்லை, அதனால் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டு ஓட்டுகிறேன்.

கம்பம்மெட்டு3பி

வந்துவிட்டது!

அரம் வைத்துத் தட்டையாக்க நேரம் பிடித்தது, ஆனால் கோன் ஸ்பேனர் கச்சிதமாக உட்கார்ந்தது. ராடை மரக்கட்டை வைத்து வைஸில் பிடித்தேன். முதல் கால் சுற்றுதான் கஷ்டம், அதற்கப்புறம் விரலால் சுற்றி எடுத்தேன். மரைக்குள்ளிருந்து சிவப்புத் தூள் கொட்டியது. நாப்பில் ஒரு கீறல்கூட இல்லை.

இப்போது பேக்கலைட் இன்சர்ட்டின் மேல் லொடலொடவென்று ஆடுகிறது. இதை எப்படிச் சரிசெய்வது? அப்புறம் மேல்புறம் மங்கிப் பழுப்படித்துக் கிடக்கிறது. சோடா போட்டுக் கழுவலாமா?

போடி லேத்

காஸ்டிக் சோடா பக்கம் போகவே போகாதீர்கள், பேக்கலைட்டுக்கு ஆகாதது காரம்தான். சோப்புத் தண்ணீரில் கழுவி, உலரவிட்டு, பித்தளைக்குப் போடும் மெட்டல் பாலிஷைத் துணியில் தொட்டுத் தேயுங்கள். துணியில் மஞ்சள் அழுக்கு வரும், பயப்பட வேண்டாம், வெயில் பட்டுப் பழுத்த மேல்தோல்தான் அது. கறுப்பு திரும்ப வரும்.

லொடலொடப்புக்கு, சிவப்பு ஜீப் சொன்ன எபாக்ஸி. நாப் கையில் இருப்பதால் வேலை சுலபம். இன்சர்ட்டை வெளியே இழுக்க முடிந்தால் எடுத்துவிடுங்கள். இரண்டையும் பெட்ரோலால் துடைத்து, காயவிட்டு, பசை தடவித் திரும்பச் செருகுங்கள். இன்சர்ட் மரைக்குள் மெழுகு தடவிய போல்ட் ஒன்றைத் திருகி வைத்துக்கொண்டு ஒட்டினால் பசை உள்ளே வழியாது.

ராடின் மரையை ஒரு டை, அதாவது மரை வெட்டும் அச்சு, ஓட்டிச் சுத்தம் பண்ணுங்கள். அதற்கு முன் மரை கேஜ் வைத்து அளவு பாருங்கள். அமெரிக்க டிசைனில் வந்த வண்டி, மரை இஞ்ச் அளவில் இருக்கும். கடையில் அவசரத்துக்கு மெட்ரிக் டை கொடுத்துவிடுவார்கள். முதல் இரண்டு சுற்று போகும், மூன்றாவது சுற்றில் ராடின் மரையை வெட்டிவிடும். திரும்ப மாட்டும்போது மரையில் கொஞ்சம் கிரீஸ், நாப்பை உட்கார வைத்து, லாக் நட்டை மேலே ஏற்றி மெதுவாக இறுக்குங்கள். இந்த முறை இடப்பக்கம்.

வண்டன்மேடு ஏலம்

கம்பம்மெட்டு அண்ணே, பக்கத்திலிருக்கும், மேடு ஏற இழுவை கூட்டும் ஹை-லோ ராடின் நாப்பும் அதே சைஸா? என் வண்டியில் அது இல்லவே இல்லை, வெறும் ராடுதான் நிற்கிறது. உங்களுடையதை அளந்தால் போடி அண்ணனிடம் ஈட்டி மரத்தில் கடைந்து வாங்கிக்கொள்வேன்.

போடி லேத்

மரம் கொண்டு வந்தால் கடைந்து தருகிறேன். பித்தளை இன்சர்ட் நானே போடுகிறேன். விளிம்பை மட்டும் ஒரு நாணயத் தடிமனுக்குமேல் கொஞ்சம் வெளியே நீட்டி வைப்பேன், பின்னால் வருகிறவனுக்கு ஸ்பேனர் போட இடம் வேண்டும்.

கம்பம்மெட்டு3பி

ஹை-லோ நாப் கொஞ்சம் சின்னது. காலிப்பர் வைத்து அளந்து இன்று சாயங்காலம் படத்தோடு போடுகிறேன். பூட் மாட்டியாயிற்று, மேல்மூடிக்குப் புது கேஸ்கெட் வெட்டிக்கொண்டிருக்கிறேன்.